அமெரிக்காவின் இடக்கரடக்கல்

பள்ளியில் நன்னூல் படித்தவர்களுக்கு இடக்கரடக்கல் நினைவிருக்கும். நாலு பேர் இருக்கிற இடத்தில் சொல்லக் கூசும் ஒன்றை வேறு சொல்லால் மறைத்துச் சொல்வது. 'கால் கழுவி வந்தான்' என்று ஆசிரியர் உதாரணம் சொல்வார், வகுப்பே சிரிக்கும். 1787-இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தைப் படிக்கும்போது எனக்கு அந்த இலக்கணப் பாடம்தான் ஞாபகம் வருகிறது. 1790-இல் எடுத்த முதல் கணக்கெடுப்பின்படி அந்த நாட்டில் இருந்த சுமார் 39 லட்சம் பேரில் ஏறக்குறைய 7 லட்சம் பேர் அடிமைகள். சட்டத்தில் மூன்று இடங்களில் அவர்களைப் பற்றிய பிரிவுகள் வருகின்றன. 'அடிமை' என்ற சொல் மட்டும் ஓரிடத்திலும் இல்லை.

முதல் இடம், பிரதிநிதிகள் சபையில் எந்த மாநிலத்துக்கு எத்தனை உறுப்பினர் என்ற கணக்கு. சுதந்திரமாக இருப்பவர்களை முழுதாக எண்ணிவிட்டு 'மற்ற எல்லா நபர்களிலும்' ஐந்தில் மூன்று பங்கைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. அடுத்தது, மாநிலங்கள் அனுமதிக்க விரும்பும் 'அத்தகைய நபர்களின்' வருகையையோ இறக்குமதியையோ 1808 வரை காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்றம்) தடுக்கக் கூடாது என்கிற பிரிவு. இந்த 'இறக்குமதி'யில் குட்டு வெளிப்பட்டுவிடுகிறது. மனிதர்கள் வந்து சேர்வார்கள், சரக்குதான் இறக்குமதியாகும். மூன்றாவது, ஒரு மாநிலத்தில் 'ஊழியத்துக்கோ உழைப்புக்கோ கட்டுப்பட்ட நபர்' தப்பி வேறு மாநிலத்துக்குப் போனால் அவரைத் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது.

கை தவறி விட்டுப்போன சொல் இல்லை இது. சட்டத்தை எழுதிய மாநாட்டில் யார் என்ன பேசினார்கள் என்று வர்ஜீனியாப் பிரதிநிதி ஜேம்ஸ் மேடிசன் குறிப்பெடுத்து வைத்திருக்கிறார். மனிதர்கள்மேல் சொத்துரிமை இருக்க முடியும் என்ற எண்ணத்தைச் சட்டத்துக்குள் நுழையவிடுவது தவறு என்று அவரே ஆகஸ்டு 25 அன்று பேசினார். பேசியவருக்கு வர்ஜீனியாவில் அடிமைகள் உழைத்த பண்ணை இருந்தது. மேரிலாந்தின் லூதர் மார்ட்டின், கையெழுத்துப் போடாமலே மாநாட்டிலிருந்து கிளம்பிப் போனவர், விஷயத்தைப் போட்டு உடைத்தார்: அமெரிக்கர்களின் காதுக்கு அருவருப்பாக இருக்கும் சொற்களைத் தவிர்க்க இவர்கள் படாதபாடு பட்டார்கள், ஆனால் அந்தச் சொற்கள் குறிக்கிற பொருளை ஏற்றுக்கொள்வதில் இவர்களுக்கு ஒரு தயக்கமும் இருக்கவில்லை.

வடக்கும் தெற்கும் 1861 முதல் 1865 வரை மோதிய உள்நாட்டுப் போருக்கு முந்தைய அமெரிக்க வரலாற்றை வடக்கின் தொழிற்சாலை, தெற்கின் விவசாயம், சுங்கவரி, மாநில உரிமை என்று பிரித்துச் சொல்வது வழக்கம். எல்லாமே ஓரளவுக்கு உண்மைதான். ஆனால் இந்த ஒரு சொல்லைப் பின்தொடர்ந்து போனால் அந்தக் கதை இன்னும் தெளிவாகப் புரிகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. யார் அதைச் சொல்லக் கூசினார்கள், யார் பிறரைச் சொல்லவிடாமல் தடுத்தார்கள், கடைசியில் யார் வாய்விட்டுச் சொன்னார்கள் என்று பார்க்கலாம்.

புகையிலையின் பசி

1607-இல் ஜேம்ஸ்டவுனில் வந்திறங்கிய நூற்றுச் சொச்சம் ஆங்கிலேயர்கள் அடிமைப் பண்ணை நடத்த வந்தவர்கள் இல்லை. லண்டனில் பங்கு விற்றுப் பணம் திரட்டிய வர்ஜீனியா கம்பெனி, தங்கம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் அனுப்பி வைத்தவர்கள். தங்கம் கிடைக்கவில்லை. 1609-10 குளிர்காலப் பட்டினியில் சில நூறு பேர் செத்து, சுமார் 60 பேர்தான் மிஞ்சினார்கள். அந்தக் காலனியைக் காப்பாற்றியது புகையிலை. 1612 வாக்கில் ஜான் ரால்ஃப் என்பவர் வெளியிலிருந்து வந்த, சுவை மிகுந்த ரகத்தின் விதையை நட்டுப் பார்த்தார். லண்டன்காரர்களுக்கு அது பிடித்துப்போனது.

புகையிலைக்கு இரண்டு பசி. சில வருடங்களிலேயே மண்ணின் சத்தை உறிஞ்சிவிடும், அதனால் புது நிலம் வேண்டும். நாற்று விடுவது, நடுவது, புழு எடுப்பது, இலை கிள்ளிக் காய வைப்பது என்று வருடம் முழுக்க வேலை இருக்கும், அதனால் ஆள் வேண்டும். நிலம், பவ்ஹாட்டன் தலைமையில் இருந்த பூர்வகுடிகளுடையது. அது சண்டை போட்டுப் பறிக்கப்பட்டது. ஆட்கள் முதலில் இங்கிலாந்தின் ஏழைகள். கப்பல் செலவுக்கு ஈடாக 4 முதல் 7 வருடம் உழைக்க எழுதிக்கொடுத்த ஒப்பந்தக் கூலிகள். ஓர் ஆளைக் காசு கட்டிக் கூட்டிவந்தவருக்கு 50 ஏக்கர் நிலம் என்று கம்பெனி அறிவித்தது. ஆளைக் கொண்டுவந்தால் நிலம், நிலம் கிடைத்தால் இன்னும் ஆள். சக்கரம் சுழல ஆரம்பித்துவிட்டது.

1619 ஆகஸ்டில் ஒயிட் லயன் என்ற கப்பல் வர்ஜீனியாக் கரையில் இருபதுக்குச் சற்று அதிகமான ஆப்பிரிக்கர்களை இறக்கியது. அங்கோலாவிலிருந்து போர்ச்சுகீசியக் கப்பலில் ஏற்றப்பட்டு, நடுக்கடலில் கொள்ளையடிக்கப்பட்டவர்கள். உணவுப் பொருளுக்கு மாற்றாக அவர்களைக் கைமாற்றினார்கள். அதற்கு ஒரு மாதத்துக்கு முன்னால், அதே 1619 ஜூலையில்தான், ஆங்கில அமெரிக்காவின் முதல் பிரதிநிதிகள் சபை ஜேம்ஸ்டவுனில் கூடியிருந்தது.

அப்போது வர்ஜீனியாவில் அடிமைத்தனம் பற்றிச் சட்டம் எதுவும் கிடையாது. அந்த மௌனத்துக்குள் கொஞ்சம் இடைவெளியும் இருந்தது. 1621-இல் 'அந்தோனியோ' என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட ஒருவர், பின்னாளில் அந்தோனி ஜான்சன் ஆகி, 250 ஏக்கர் நிலத்துக்குச் சொந்தக்காரராகி, தாமே வேலையாட்களை வைத்துக்கொள்ளும் அளவுக்கு வந்தார். அந்த இடைவெளி ஒவ்வொரு சட்டமாக அடைபட்டது. 1640-இல் மூன்று வேலையாட்கள் ஓடிப்போய்ப் பிடிபட்டார்கள். வெள்ளையர் இருவருக்கும் ஊழியக் காலம் சில வருடம் நீட்டப்பட்டது. ஜான் பஞ்ச் என்ற கறுப்பருக்கு ஆயுள் முழுக்க ஊழியம் என்று தீர்ப்பானது. 1662 சட்டம் இன்னும் கொடூரமானது. ஆங்கிலேயனுக்கும் கறுப்பினப் பெண்ணுக்கும் பிறந்த பிள்ளை அடிமையா, சுதந்திரமானவரா என்று சந்தேகம் எழுந்திருப்பதாகச் சொல்லி, தாயின் நிலையே பிள்ளைக்கும் என்று முடிவு கட்டியது. ஆங்கிலேய மரபில் பிள்ளையின் அந்தஸ்து தகப்பனைப் பொறுத்தது. இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அதைத் தலைகீழாக்கினார்கள். தன் அடிமைப் பெண்ணிடம் பிறந்த தன் பிள்ளையும் முதலாளிக்குச் சொத்தாகிவிடும் என்பதுதான் இதன் பொருள். 1667-இல், ஞானஸ்நானம் பெற்றாலும் அடிமை அடிமைதான் என்று இன்னொரு சட்டம் வந்தது. 1676-இல் நத்தானியேல் பேக்கன் கிளப்பிய கலகத்தில் வெள்ளைக் கூலிகளும் கறுப்பர்களும் சேர்ந்து ஜேம்ஸ்டவுனைக் கொளுத்தியபோது பெரும் பண்ணைக்காரர்கள் பயந்துபோனார்கள். நிறம் பார்க்காமல் ஏழைகள் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டார்கள். 1705-இல் எல்லாவற்றையும் தொகுத்து முழுமையான அடிமைச் சட்டம் எழுதினார்கள்.

தென் கரோலினாவின் கதை வேறு மாதிரி. அங்கே இந்த மாதிரித் தடுமாற்றமே இல்லை. 1670-இல் அதை நிறுவியவர்களில் பலர் பார்படோஸ் தீவின் கரும்புத் தோட்டங்களிலிருந்து அடிமைகளோடு வந்தவர்கள். சதுப்பு நிலத்தில் நெல் விளைந்தது. 1708 வாக்கில் அங்கே வெள்ளையரைவிடக் கறுப்பர் எண்ணிக்கை அதிகம். இந்தக் காலனியின் பயமும் பிடிவாதமும் கடைசிவரை கதையை இழுத்துக்கொண்டு போகும்.

வடக்கு மட்டும் சுத்தமா? இல்லை. வட அமெரிக்க ஆங்கிலக் காலனிகளில் அடிமைத்தனத்துக்கு முதலில் சட்ட அங்கீகாரம் கொடுத்தது 1641-இல் மாசசூசெட்ஸ்தான். அந்த வாசகத்தின் அழகைப் பாருங்கள்: எங்களிடையே அடிமைத்தனம் இருக்கவே இருக்காது என்று தொடங்கி, நியாயமான போரில் பிடிபட்டவர்களையும் எங்களுக்கு விற்கப்பட்ட அந்நியர்களையும் தவிர என்று முடிகிறது. கதவைச் சாத்திவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதை. ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டிலிருந்து ரம் ஏற்றிக்கொண்டு ஆப்பிரிக்கா போன கப்பல்கள் ஆட்களை ஏற்றிக்கொண்டு திரும்பின. நியூயார்க் நகரத்தில் 18-ஆம் நூற்றாண்டின் நடுவில் சுமார் ஐந்தில் ஒருவர் அடிமை. வித்தியாசம் என்னவென்றால், வடக்கில் குளிரும் கல்லும் நிறைந்த சிறு நிலங்கள். அடிமைகள் வீட்டில், துறைமுகத்தில், பட்டறையில் இருந்தார்கள். பொருளாதாரமே அவர்கள் முதுகில் நிற்கவில்லை. அதனால் பின்னாளில் கைவிடுவது வடக்குக்குச் சுலபமாக இருந்தது.

பிரகடனத்திலிருந்து வெட்டிய பத்தி

1765-இன் முத்திரை வரி, 1773-இல் பாஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட 342 பெட்டித் தேயிலை எல்லாம் பலருக்கும் தெரிந்தவை, அதனால் தாண்டிப் போகிறேன். (அந்தத் தேயிலை, சென்னைக் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு, விளைந்தது சீனாவில்.) இங்கே நமக்கு வேண்டியது 1776 சுதந்திரப் பிரகடனத்தில் இல்லாத ஒரு பத்தி. முதல் வரைவில் தாமஸ் ஜெஃபர்சன், தூரதேசத்து மக்களைப் பிடித்து அடிமையாக்கி விற்கும் வியாபாரத்தை நடத்தியவர் என்று இங்கிலாந்து மன்னர்மேல் குற்றம் சாட்டியிருந்தார். காங்கிரஸ் அதை அப்படியே வெட்டிவிட்டது. தென் கரோலினாவுக்கும் ஜார்ஜியாவுக்கும் பிடிக்கவில்லை என்பதற்காக எடுத்தோம், வடக்குச் சகோதரர்களுக்கும் சற்று உறுத்தியது, ஏனென்றால் ஏற்றி வந்தது அவர்கள் கப்பல்கள் என்று ஜெஃபர்சன் பின்னால் எழுதினார். தம் வாழ்நாளில் 600-க்கும் மேற்பட்ட அடிமைகளை வைத்திருந்தவர் அவர்.

மிஞ்சியது ஒரு துணுக்கு: மன்னர் எங்களிடையே 'உள்நாட்டுக் கலகங்களை'த் தூண்டிவிட்டார். அது என்ன கலகம்? 1775 நவம்பரில் வர்ஜீனியாவின் பிரிட்டிஷ் ஆளுநர் டன்மோர் பிரபு, கலகக்காரர்களின் அடிமைகள் ஓடிவந்து பிரிட்டிஷ் படையில் சேர்ந்தால் விடுதலை என்று அறிவித்தார். அதைத்தான் சொல்கிறது. இங்கும் இடக்கரடக்கல்.

ஆனால் 'எல்லா மனிதரும் சமம்' என்று எழுதிவிட்டால் காதில் விழுகிறவர்கள் சும்மா இருப்பார்களா? மாசசூசெட்ஸ் 1780-இல் தன் அரசியல் சட்டத்தில், எல்லா மனிதரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்று எழுதியது. அடுத்த வருடமே மம் பெட் என்று அழைக்கப்பட்ட அடிமைப் பெண் ஒருவர் அதைக் காட்டி வழக்குப் போட்டு ஜெயித்தார். எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயரும் வைத்துக்கொண்டார். மற்ற வட மாநிலங்கள் விடுதலையைத் தவணை முறையில் கொடுத்தன. பென்சில்வேனியாவின் 1780 சட்டம், இனிமேல் பிறக்கும் பிள்ளைகளுக்கு 28 வயதில் விடுதலை என்றது. நியூஜெர்சி இழுத்த இழுப்பில், 1860 கணக்கெடுப்பில்கூட அங்கே 18 பேர் மிச்சம் இருந்தார்கள். 'வாழ்நாள் பயிற்சியாளர்கள்' என்று அவர்களுக்குப் பெயர்.

1787 கோடையில் ஒரு வேடிக்கை நடந்தது. பிலடெல்பியாவில் மாநாடு அந்தச் சொல்லைத் தவிர்த்துக்கொண்டிருந்த அதே நாட்களில், நியூயார்க்கில் கூடியிருந்த பழைய காங்கிரஸ் ஜூலை 13 அன்று வடமேற்குப் பிரதேசத்துக்கு ஒரு சட்டம் போட்டது. ஓஹையோ ஆற்றுக்கு வடக்கே அடிமைத்தனமோ கட்டாய ஊழியமோ இருக்கக் கூடாது, குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி. தடுக்கும்போது மட்டும் சொல்லை எழுத முடிகிறது. இந்த வாசகத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வரும்.

சரி, எழுதாமல் விட்ட சொல்லால் தெற்குக்குக் கிடைத்த லாபம் என்ன? ஐந்தில் மூன்று கணக்கு, ஓட்டே இல்லாத மக்களின் பேரில் அவர்களுடைய எஜமானர்களுக்குக் கூடுதல் இடங்களைக் கொடுத்தது. ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் எண்ணிக்கையும் அதைப் பொறுத்தே அமைந்தது. 1800 தேர்தலில் ஜெஃபர்சன் ஜான் ஆடம்ஸை 73-க்கு 65 என்று வென்றார். அந்த உபரி இல்லாவிட்டால் கணக்கு மாறியிருக்கும். 1789 முதல் 1825 வரையான 36 வருடத்தில் 32 வருடம் ஜனாதிபதியாக இருந்தவர்கள் வர்ஜீனியாவின் அடிமை முதலாளிகள்.

பஞ்சும் நிலமும்

அரசியல் சட்டத்தில் கையெழுத்திட்டவர்களில் பலர், அடிமைத்தனம் தானாகத் தேய்ந்து போகும் என்று நம்பினார்கள். புகையிலை விலை சரிந்திருந்தது, வர்ஜீனியா மண் களைத்திருந்தது. அந்த நம்பிக்கையில் மண் போட்டது 1793-இல் ஜார்ஜியாவில் ஈலை விட்னி என்பவர் செய்த ஓர் இயந்திரம். நம்மூரில் ஜின்னிங் மில் என்கிறோமே, அந்த ஜின். உள்நாட்டில் விளையும் குட்டை இழைப் பருத்தியில் பஞ்சு கொட்டையோடு ஒட்டிக்கொண்டு லேசில் பிரிந்து வராது. கையால் பிரித்தால் ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தேறினால் பெரிது. ஜின் வந்ததும் அந்த முட்டுக்கட்டை போனது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கின. 1790-இல் சில ஆயிரம் பொதிகளாக இருந்த விளைச்சல் 1860-இல் சுமார் 40 லட்சம் பொதிகள். நாட்டின் ஏற்றுமதி மதிப்பில் பாதிக்கு மேல் பருத்தி. பிரிட்டன் இப்படி ஒரே நாட்டை நம்பியிருப்பதைக் கண்டு பதறிய கிழக்கிந்தியக் கம்பெனி 1840-களில் அமெரிக்கப் பண்ணையாட்களை வரவழைத்து, கோயம்புத்தூரில் தாவரவியலாளர் ராபர்ட் வைட் மேற்பார்வையில் அமெரிக்க ரகத்தைப் பயிரிட்டுப் பார்த்தது.

பருத்திக்கு நிலம் வேண்டும். ஜார்ஜியா, அலபாமா, மிசிசிப்பியின் கரிசல் நிலங்களில் செரோக்கி, க்ரீக், சாக்டா போன்ற பூர்வகுடிகள் வாழ்ந்தார்கள். 1830-இல் வெளியேற்றச் சட்டம் வந்தது. 1838-39-இல் படையினர் ஓட்டிச்சென்ற சுமார் 16,000 செரோக்கிகளில் 4,000 பேர் வரை வழியிலும் முகாம்களிலும் இறந்தார்கள். காலியான நிலத்துக்கு ஆள் எங்கிருந்து? 1808-இல் வெளிநாட்டு வியாபாரம் தடைசெய்யப்பட்டதும் உள்நாட்டு வியாபாரம் கொழித்தது. வர்ஜீனியா, மேரிலாந்து போன்ற மாநிலங்களிலிருந்து போருக்கு முன்னால் சுமார் 10 லட்சம் பேர் தெற்கே நகர்த்தப்பட்டார்கள். விற்கப்பட்டுப் போனவர்களும் உண்டு, முதலாளிகளோடு போனவர்களும் உண்டு. தேய்ந்து போகும் என்று நினைத்த 7 லட்சம், 1860-இல் 39 லட்சத்தைத் தாண்டியது.

ஒவ்வொரு முறை நாடு விரியும்போதும் எழுதாமல் விட்ட கேள்வி எழுந்து நிற்கும். 1803-இல் நெப்போலியனிடமிருந்து 1.5 கோடி டாலருக்கு லூயிசியானாப் பிரதேசத்தை வாங்கியதும் நாடு இரண்டு மடங்கானது. (ஹெய்ட்டியில் அடிமைகள் கிளர்ந்து பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்திருக்காவிட்டால் நெப்போலியன் விற்றிருப்பாரா என்பது சந்தேகம்.) அந்த நிலத்திலிருந்து மிசௌரி மாநிலமாகச் சேர விண்ணப்பித்தபோது செனட்டில் அடிமை மாநிலம் 11, சுதந்திர மாநிலம் 11. 1820-இல் பேரம் படிந்தது: மிசௌரி அடிமை மாநிலம், மெய்ன் சுதந்திர மாநிலம், மிச்ச நிலத்தில் 36 பாகை 30 கலை அட்சக்கோட்டுக்கு வடக்கே அடிமைத்தனம் கிடையாது. வயதான ஜெஃபர்சன், நள்ளிரவில் தீ எச்சரிக்கை மணி அடித்தது போலத் திடுக்கிட்டு விழித்தேன் என்று ஒரு கடிதத்தில் எழுதினார். ஓநாயைக் காதைப் பிடித்து வைத்திருக்கிறோம், பிடித்திருக்கவும் முடியாது, விடவும் பயம் என்பதும் அதே கடிதத்தில்தான். புலிவால் பிடித்தவன் பாடு.

வாய்ப்பூட்டு

1828-இல் காங்கிரஸ் போட்ட சுங்கவரியை எதிர்த்துத் தென் கரோலினா கொதித்தது. மத்தியச் சட்டம் எங்கள் எல்லைக்குள் செல்லாது என்று 1832-இல் அறிவித்தது. ஜனாதிபதி ஆண்ட்ரூ ஜாக்சன் படையை அனுப்புவேன் என்றார். கடைசியில் வரியைக் குறைத்துச் சமாதானம் ஆனது. போருக்குக் காரணம் வரிதான் என்பவர்கள் இன்றும் இதைக் காட்டுவார்கள். ஆனால் இந்த எதிர்ப்புக்கு மூளையாக இருந்த ஜான் கால்ஹூனே 1830-இல் ஒரு தனிக் கடிதத்தில், வரி ஒரு சாக்கு, உண்மையான காரணம் வேறு என்று எழுதியிருக்கிறார். அந்த உண்மையான காரணத்தையும் அவர் நேராகச் சொல்லவில்லை. 'தென் மாநிலங்களுக்கே உரிய உள்வீட்டு ஏற்பாடு' என்றார். இந்த 'எங்களுக்கே உரிய ஏற்பாடு' என்கிற தொடர் தெற்கின் வாயில் ஒட்டிக்கொண்டது.

1831 ஒரு திருப்பம். ஜனவரியில் பாஸ்டனில் வில்லியம் லாயிட் கேரிசன், உடனடி விடுதலை கேட்டு ஒரு பத்திரிகை தொடங்கினார். ஆகஸ்டில் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் எழுந்து சுமார் 55 வெள்ளையர்களைக் கொன்றார்கள். ஒன்றுக்கும் மற்றதுக்கும் தொடர்பில்லை, தெற்கு தொடர்புபடுத்திக்கொண்டது. தென் மாநிலங்கள் பலவற்றில் அடிமைகளுக்கு எழுத்தறிவிப்பது குற்றம் ஆனது. 1835 ஜூலையில் சார்ல்ஸ்டன் தபால் நிலையத்துக்குள் ஒரு கும்பல் புகுந்து, வடக்கிலிருந்து வந்த அடிமை ஒழிப்புப் பிரசுரங்களை அள்ளி, மறுநாள் இரவு கேரிசன் முதலானவர்களின் கொடும்பாவியோடு சேர்த்துக் கொளுத்தியது. தபால் துறைத் தலைவர் ஏமஸ் கெண்டல் என்ன செய்தார்? சட்டத்துக்குக் கடமைப்பட்டிருக்கிறோம், ஆனால் நாம் வாழும் சமூகத்துக்கு அதைவிடப் பெரிய கடமை இருக்கிறது என்று எழுதி, கண்டுகொள்ளாமல் விட்டார்.

அடுத்து நாடாளுமன்றத்துக்கே வாய்ப்பூட்டு. வடக்கிலிருந்து, பெருமளவு பெண்கள் கையெழுத்திட்ட மனுக்கள் காங்கிரசுக்கு வந்து குவிந்தன. 1836 மே மாதம் பிரதிநிதிகள் சபை தீர்மானம் போட்டது: அடிமைத்தனம் பற்றிய எந்த மனுவானாலும் படிக்காமல், அச்சிடாமல், விவாதிக்காமல் மேசைமேல் ஒதுக்கி வைக்கப்படும். இதை எதிர்த்துத் தனி ஆளாகத் தொல்லை கொடுத்தவர் ஜான் குவின்சி ஆடம்ஸ். முன்னாள் ஜனாதிபதி. பதவி போன பிறகு சாதாரண உறுப்பினராகச் சபைக்கு வந்திருந்தார். வயது எழுபதை நெருங்கியிருந்தது.

1837 பிப்ரவரியில் ஒரு நாள் ஆடம்ஸ் எழுந்து, 22 அடிமைகள் அனுப்பியதாகச் சொல்லப்படும் மனு ஒன்று என்னிடம் இருக்கிறது, இது அந்த விதிக்குள் வருமா என்று சபாநாயகரை அப்பாவியாகக் கேட்டார். சபை வெடித்தது. அடிமைகள் மனுக் கொடுப்பதா! அவரைக் கண்டிக்க வேண்டும், வெளியேற்ற வேண்டும் என்று கத்தினார்கள். நன்றாகக் கத்தவிட்டு, அந்த மனு அடிமைத்தனத்தை ஒழிக்கச் சொல்லவில்லையே, நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிராக அல்லவா கேட்கிறது என்றார் ஆடம்ஸ். பேசக் கூடாது என்று தடைபோட்ட விஷயத்தைப் பற்றிச் சபை நாள்கணக்கில் பேசிக்கொண்டிருந்தது. வாய்ப்பூட்டு 1844 டிசம்பர் வரை நீடித்தது. அதற்குள் அடிமைகளைப் பற்றிக் கவலையே படாத எத்தனையோ வடக்கத்தி வெள்ளையர்கள், மனுக் கொடுக்கும் நம் உரிமையையே இவர்கள் பறிக்கிறார்களே என்று நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார்கள். தெற்கு செய்த பெரிய தவறு இது என்பேன்.

பத்து டாலரும் ஐந்து டாலரும்

1846-48 மெக்சிகோ போரில் கலிபோர்னியா வரை நிலம் கைக்கு வந்தது. போர் முடிவதற்கு முன்பே பென்சில்வேனியாவின் டேவிட் வில்மட், பிடிக்கும் நிலத்தில் அடிமைத்தனமோ கட்டாய ஊழியமோ இருக்கக் கூடாது என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். வாசகம் 1787 வடமேற்குச் சட்டத்திலிருந்து எடுத்தது. பிரதிநிதிகள் சபையில் நிறைவேறியது, செனட்டில் தேறவில்லை.

1850-இல் இன்னொரு பேரம். கலிபோர்னியா சுதந்திர மாநிலம். பதிலுக்குத் தெற்குக்குக் கடுமையான ஓடிப்போன அடிமைகள் சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி கிடையாது, சாட்சி சொல்லும் உரிமை கிடையாது. அவரை முதலாளியிடம் அனுப்பினால் விசாரணை ஆணையருக்குக் கட்டணம் 10 டாலர், விடுவித்தால் 5 டாலர். கூப்பிட்டால் பொதுமக்கள் யாரும் பிடிக்க உதவியாக வர வேண்டும். அரசியல் சட்டத்தின் ஒரு மூலையில் 'கட்டுப்பட்ட நபர்' என்று பதுங்கியிருந்தது இப்போது பாஸ்டன்காரரின் வாசலுக்கே வந்துவிட்டது. 1854-இல் அந்தோனி பர்ன்ஸ் என்பவரைப் படைக்காவலோடு துறைமுகத்துக்கு நடத்திச் சென்றபோது பாஸ்டன் தெருக்களில் கறுப்புத் துணி தொங்கியது.

தெற்கு போராடியது மாநில உரிமைக்காக என்று சொல்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டம் செல்லாது என்று மாநில உரிமையைக் காட்டித்தான் தீர்ப்பளித்தது. அப்போது மத்திய அரசின் அதிகாரத்தை முழு மூச்சாக ஆதரித்தது தெற்கு.

1854-இல் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ், கன்சாஸ்-நெப்ராஸ்காச் சட்டத்தின் மூலம் 1820 அட்சக்கோட்டை அழித்தார். அந்தந்தப் பிரதேச மக்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்பது அவர் யோசனை. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. இரு பக்கமும் ஆட்களைத் துப்பாக்கியோடு கன்சாஸுக்கு அனுப்பியது. 1856 மே மாதத்தின் ஒரே வாரத்தில், கன்சாஸில் அடிமைத்தன எதிர்ப்பாளர்கள் குடியேறிய லாரன்ஸ் ஊர் சூறையாடப்பட்டது. செனட் அவைக்குள்ளேயே மாசசூசெட்ஸ் செனட்டர் சார்ல்ஸ் சம்னர் கைத்தடியால் ரத்தம் வர அடிக்கப்பட்டார், அடிமைத்தனத்தைத் திட்டிப் பேசியதற்காக. கன்சாஸில் அடிமை ஒழிப்பாளர் ஜான் பிரௌனின் கூட்டம் எதிர்ப்பக்கத்தார் ஐந்து பேரை இழுத்துப்போய் வெட்டியது. 1854 சட்டம் கிளப்பிய கொந்தளிப்பில் பிறந்ததுதான் லிங்கனின் குடியரசுக் கட்சி.

பின்னாளில் ஜனாதிபதியான ஆபிரகாம் லிங்கன் 1854-இல் பியோரியா ஊரில் பேசும்போது அந்த விடுபட்ட சொல்லைப் பிடித்தார். உடம்பில் கட்டி இருப்பவன், அறுத்தால் ரத்தம் கொட்டிச் செத்துவிடுவோமோ என்று பயந்து அதை மூடி வைப்பதைப் போல, நம் முன்னோர் இதைச் சட்டத்துக்குள் மறைத்து வைத்தார்கள் என்றார். 1857 மார்ச்சில் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ரோஜர் டானி, ட்ரெட் ஸ்காட் என்ற அடிமை விடுதலை கேட்டுத் தொடுத்த வழக்கில் எதிர்ப்பக்கத்திலிருந்து அதே இடத்துக்கு வந்தார். கறுப்பர்கள் குடிமக்கள் ஆக முடியாது, காங்கிரஸ் எந்தப் பிரதேசத்திலும் அடிமைத்தனத்தைத் தடுக்க முடியாது என்ற தீர்ப்பு. அதற்கு ஆதாரமாக, அடிமைமேல் உள்ள சொத்துரிமையை அரசியல் சட்டம் 'தெளிவாகவும் வெளிப்படையாகவும்' உறுதி செய்கிறது என்று எழுதினார்.

வெளிப்படையாக! 1860 பிப்ரவரியில் நியூயார்க்கின் கூப்பர் யூனியன் மண்டபத்தில் லிங்கன் வக்கீல் பாணியில் அந்த வார்த்தையைப் பிரித்துப் போட்டார். சட்டத்தை எடுத்துப் பாருங்கள், 'அடிமை'யும் இல்லை, 'அடிமைத்தனமும்' இல்லை, இவர்கள் தொடர்பில் 'சொத்து' என்ற சொல்கூட இல்லை. வேண்டுமென்றே விட்டார்கள் என்றார். அதே உரையில் இன்னொன்றும் சொன்னார். தெற்கைத் திருப்திப்படுத்த என்ன செய்ய வேண்டும்? அடிமைத்தனத்தைத் தவறு என்று சொல்வதை நிறுத்தினால் போதாது, சரி என்று சொல்ல வேண்டும். மௌனத்தைப் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்தக் கணிப்பு சரியாக இருந்தது. நவம்பரில், பத்துத் தென் மாநிலங்களில் மக்கள் ஓட்டு ஒன்றுகூட இல்லாமல், சுமார் 40 சதவீத ஓட்டில் லிங்கன் ஜனாதிபதித் தேர்தலில் ஜெயித்தார். டிசம்பர் 20 அன்று தென் கரோலினா நாட்டைவிட்டுப் பிரிந்தது. காரணங்களை அடுக்கிய அதன் அறிக்கை, வட மாநிலங்கள் அடிமைத்தனத்தைப் பாவம் என்று கண்டித்ததையும் ஒரு குற்றமாகச் சேர்த்தது. மிசிசிப்பியின் அறிக்கை, எங்கள் நிலைப்பாடு அடிமைத்தனத்தோடு முழுமையாக ஒன்றியது என்று அறிவித்தது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தெற்குக் கூட்டமைப்பு 1861 மார்ச்சில் எழுதிய அரசியல் சட்டம் பெருமளவு பழையதன் நகல்தான். ஆனால் 'நபர்' என்று மழுப்பாமல் 'நீக்ரோ அடிமைகள்மேல் சொத்துரிமை' என்று எழுதினார்கள். கூச்சம் போய்விட்டது.

வாஷிங்டனில் கூச்சம் இன்னும் மிச்சம் இருந்தது. பிரிந்தவர்களைச் சமாதானப்படுத்த, 1861 பிப்ரவரி கடைசியிலும் மார்ச் தொடக்கத்திலும் காங்கிரசின் இரு அவைகளும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவோடு ஒரு திருத்தத்தை நிறைவேற்றின. மாநிலங்களின் 'உள்வீட்டு ஏற்பாடுகளில்', 'உழைப்புக்கோ ஊழியத்துக்கோ கட்டுப்பட்ட நபர்களைப்' பற்றியவை உட்பட, காங்கிரஸ் என்றைக்கும் தலையிட முடியாது என்பது அதன் சாரம். அடிமைத்தனத்தை நிரந்தரமாகக் காப்பாற்ற எழுதிய திருத்தத்திலும் அந்தச் சொல்லை எழுத அவர்களுக்குக் கை வரவில்லை. லிங்கன் தம் பதவியேற்பு உரையில் இதற்கு ஆட்சேபம் இல்லை என்றார். மாநிலங்கள் ஒப்புதல் கொடுத்து முடித்திருந்தால் அதுதான் 13-ஆவது திருத்தம் ஆகியிருக்கும். ஏப்ரல் 12 அன்று சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் கோட்டைமேல் தெற்கின் பீரங்கி முழங்கியது, உள்நாட்டுப் போர் தொடங்கியது.

தெற்கு தோற்ற பிறகு, 1865 டிசம்பரில் வேறொரு 13-ஆவது திருத்தம் ஒப்புதல் பெற்றது. வாசகத்தைப் புதிதாக யோசிக்கவில்லை, 1787 வடமேற்குச் சட்டத்திலிருந்து எடுத்தார்கள், 'குற்றத்துக்குத் தண்டனையாக அன்றி' என்ற விலக்கோடு. அமெரிக்க அரசியல் சட்டத்தில் 'அடிமைத்தனம்' என்ற சொல் முதன்முதலாக வருவது அந்த வரியில்தான்.